கணக்குப் பரீட்சையும் காற்று ஃபில்டரும்

இந்த வாரம் எழுதப் போவதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பத்தாவதோடு பேனாவை வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவன் நான். பத்திரிகையில் எழுதுகிற அளவுக்கு எனக்கு என்ன தெரியும் என்று ஒவ்வொரு வாரமும் தோன்றும். இந்த வாரம் கொஞ்சம் அதிகமாகவே தோன்றுகிறது. காரணம், காரின் ஏர் ஃபில்டருக்கு எண்ணெய் வைப்பதைப் பற்றி எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரியைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எப்படிச் சுற்றினாலும் கதை அந்த ஃபில்டரிடமே போய் நிற்கிறது.

அது ஒரு புதன்கிழமை மத்தியானம். புளி உலுக்கும் காலம். புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் நான் ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். பேசினுக்குள் ஃபில்டர். பக்கத்தில் காசியம்மா, என் வீட்டுக்காரி, பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"உருளையின் கன அளவு, பை ஆர் ஸ்கொயர் எச்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தாள்.

"இன்னாங்க, நமக்குக் கல்யாணம் ஆயி இருவத்தாறு வருசம். ஒரு நாளாவது என் தலைய இப்படி வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி அலசி வுட்டுருக்கீங்களா?"

"உனக்கு மூக்கு அடைச்சா நீயே சொல்லிடுவ. இது வாய் திறந்து சொல்லாது."

"அதான். வாய் இல்லாததுங்க ரெண்டும் ஒண்ணு சேந்துக்கிச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உருளைக்குத் திரும்பினாள்.

மூன்றாவது தடவை

காசியம்மா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாள். முட்டை வேகிற நேரமும் பருப்பு குழைகிற பதமும் அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. ஆனால் அமைப்பாளர் ஆக வேண்டுமானால் பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஒன்பதாவதில் நின்றவள்.

நாற்பத்து மூன்று வயதில் தனித்தேர்வராகப் பணம் கட்டினாள். மற்ற எல்லாப் பாடமும் ஒரே தடவையில் பாஸ் ஆயிற்று. கணக்கு மட்டும் நின்றது.

முதல் தடவை கேள்வித்தாள் கஷ்டம். இரண்டாவது தடவை கேள்வித்தாளையே பார்க்கவில்லை. அன்றைக்குக் காலைப் பஸ் வரவில்லை. நான் வண்டியோடு செங்கத்தில் ஒரு கல்யாணச் சவாரியில் இருந்தேன். அவள் ஒன்பதரை மணி வரைக்கும் நிறுத்தத்தில் நின்று பார்த்துவிட்டு, அங்கிருந்தே சத்துணவுக் கூடத்துக்குப் போய் வெங்காயம் உரித்திருக்கிறாள். அன்று சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருந்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

"அடுத்த தடவை என் வண்டியிலதான் போற" என்று அன்று சாயங்காலம் சொன்னேன். நான் வாக்குக் கொடுப்பது அபூர்வம். பேசுவதே அபூர்வம்.

அந்த மூன்றாவது தடவைதான் மறுநாள், வியாழக்கிழமை. திருப்பத்தூரில் பத்து மணிக்குப் பரீட்சை. அதற்காகத்தான் வண்டியைக் கழுவி, டயரில் காற்றுப் பார்த்து, கடைசியாக ஃபில்டரைக் கையில் எடுத்திருந்தேன்.

ஒரு சுத்து வுடுங்க

மலையில் கார் ஓட்டுகிறவனுக்கு எண்ணெய் வைக்கிற ஏர் ஃபில்டர் எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கு என் கூச்சம்தான் காரணம்.

எங்கள் பக்கம் களம் குறைவு. தார் ரோடு வந்த பிறகு ரோடுதான் களம். கேழ்வரகுக் கதிரோ கொள்ளுச் செடியோ, அறுத்துக் காயவைத்ததை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி இறங்க, மணி உதிரும். மற்ற டிரைவர்கள் ஹாரனை அடித்து, நாலு வார்த்தை திட்டிவிட்டு ஒரே ஓட்டமாகப் போய்விடுவார்கள். என்னைக் கண்டால் மட்டும் எல்லாரும் ரோட்டுக்கு வந்து கையைக் காட்டுவார்கள்.

"அண்ணா, ஒரு சுத்து வுட்டுட்டுப் போண்ணா."

எனக்கு முடியாது என்று சொல்ல வராது. போவேன், ரிவர்ஸ் எடுப்பேன், மறுபடியும் போவேன். ஒரு தடவை ஒரு வீட்டுக் கேழ்வரகை முழுவதும் நானே அடித்துக் கொடுத்தேன். பின்சீட்டில் நான்கு பேர் டவுனுக்குப் போகக் காத்திருந்தார்கள். அவர்களும் இறங்கிப்போய்க் கதிரைப் புரட்டிப் போட்டார்கள்.

இப்படி ஓட்டினால் சுணையும் உமியும் தூசியும் எங்கே போகும்? காகித ஃபில்டர் மாதத்துக்கு ஒன்று அடைத்துக்கொண்டது. மேட்டில் வண்டி, ஆஸ்துமாக்காரர் படி ஏறுகிற மாதிரி ஏறியது.

வாணியம்பாடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அன்வர் பாய் பழைய ஃபில்டரைக் கவிழ்த்துத் தட்டினார். கண்ணாடி மேசை மேல் கொள்ளு விழுந்தது. ஒவ்வொன்றாக விரலால் நகர்த்திப் பார்த்தார்.

"அரே, நீ டாக்ஸி ஓட்டுறியா, நெல்லு மிஷினு ஓட்டுறியா?"

நான் கீழே உருண்ட ஒரு கொள்ளைக் குனிந்து எடுத்து மேசையில் வைத்தேன்.

"இத எடுத்துனு போய் ரசம் வைக்கச் சொல்லு" என்று கொள்ளைப் பொட்டலம் கட்டி என் கையிலேயே கொடுத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார்.

பாய் சொன்ன முறை

பெட்டிக்குள் இருந்தது பருத்தித் துணி ஃபில்டர். விசிறி மடிப்பு மாதிரி மடிப்பு மடிப்பாக, இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி வலை. துணி முழுக்கச் சிவப்பு எண்ணெய் ஊறியிருந்தது. அந்த எண்ணெயின் பிசுக்கில்தான் தூசி ஒட்டிக்கொள்ளுமாம். அடைத்தால் தூக்கிப் போட வேண்டாம். கழுவி, காயவைத்து, திரும்ப எண்ணெய் வைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

பாய் சொன்ன முறையை இன்றைக்கும் ஒப்பிப்பேன். பள்ளிக்கூடத்தில் எதையும் இப்படி ஒப்பித்ததில்லை.

அதற்கென்று விற்கிற சோப்புத் தண்ணீரை அடித்துக் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும். என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட வேண்டும். தலைகீழாக விட்டால் அழுக்கு உள்ளே போய்க் குடியேறிவிடும். பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. கம்ப்ரசர் காற்று அடித்தால் துணி கிழியும். வெயில் ஆகாது, அடுப்புச் சூடு ஆகவே ஆகாது. நிழலில் தானாகக் காய வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு மடிப்புக்கு ஒரு கோடு எண்ணெய். ஒரே ஒரு கோடு.

"உங்க ஊருல தலைக்கு வைக்கிற மாதிரி வழிய வழிய வச்சிடாதே" என்றார் பாய். "ஒரு கோடு வச்சுட்டுப் பேசாம போய்டு. அது தானா ஊறிப் பரவும். அரை மணி கழிச்சுப் பாரு. வெளுப்பா தெரியிற எடத்துல மட்டும் ஒரு சொட்டு. ஜாஸ்தியாச்சுன்னா எண்ணெய் காத்தோட போய் உள்ள இருக்கிற சென்சார்ல ஒட்டிக்கும். அப்புறம் வண்டிக்கு எவ்ளோ காத்து வருதுன்னே தெரியாது. குடிகாரன் மாதிரி நடக்கும்."

பேசாமல் போவது எனக்குப் பிடித்த வேலை. அன்றிலிருந்து அந்த ஃபில்டரை நான் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். என்னுடைய ஒரு சட்டையைக்கூட வெயில் படாமல் காயவைத்ததில்லை. காசியம்மா இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

வெளுத்த கோடுகள்

புதன்கிழமைக்கு வருகிறேன்.

சாயங்காலத்துக்குள் ஃபில்டர் காய்ந்து பழுப்பேறிய வெள்ளையாக இருந்தது. குச்சி மூக்கு வைத்த எண்ணெய் பாட்டிலை எடுத்து மடிப்பு மடிப்பாகக் கோடு இழுத்தேன். சிவப்புக் கோடு, பக்கத்தில் வெளுப்பு, மறுபடி சிவப்பு. இனி அரை மணி நேரம் அது பாட்டுக்கு ஊற வேண்டும். அதற்குள் டீசல் போட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

திரும்பி வந்து பார்த்தபோது வெளுத்த கோடு ஒன்றுகூட இல்லை. முழுக்கச் செக்கச்செவேலென்று, ஒரே சீராக இருந்தது. ஒரு சொட்டுகூடத் திருத்த வேண்டியதில்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு அழகாக அமைந்ததில்லை என்று எனக்கே பெருமையாக இருந்தது. அப்படியே வண்டியில் பொருத்தினேன்.

காசியம்மா புத்தகத்தை மூடிவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாட்டுகூடப் பாடினாள்.

பஸ் வந்துவிட்டது

வியாழக்கிழமை காலை ஆறரைக்குப் பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. எங்கள் வாசலில் நிறுத்திக் கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, பரீச்சைக்குத்தான? ஏறு, ஏறு. எடம் கீது."

"நீங்க போங்கண்ணா. நான் கார்ல போறேன்" என்றாள் காசியம்மா. அந்தக் 'கார்ல' என்ற வார்த்தையைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். அடர்ந்த பச்சையில் புடவை, கையில் ஹால் டிக்கெட், மடியில் ரஃப் நோட்டு. எங்கள் ஊரிலிருந்து மலை இறங்குவதற்கு முன்னால் ஒரு நீளமான மேடு ஏறியாக வேண்டும். அந்த மேட்டின் பாதியில் வண்டி ஒரு முறை குலுங்கியது. மிதித்தேன். குலுங்கியது. பின்னால் கறுப்புப் புகை. ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு. நடக்கிற வேகத்துக்கு வந்து, ஓரமாக நின்றுவிட்டது.

பேனட்டைத் திறந்து ஃபில்டர் டப்பாவைக் கழற்றினேன். டப்பாவின் அடியில் எண்ணெய் தேங்கியிருந்தது. ஃபில்டரைத் தூக்கினால் சொட்டியது, தேனடையிலிருந்து சொட்டுகிற மாதிரி. குழாயின் உள்பக்கம் எல்லாம் சிவப்புப் பிசுக்கு.

நான் வைத்த எண்ணெய் இவ்வளவு இல்லை. எனக்குத் தெரியும்.

திரும்பினேன். காசியம்மா இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அவளுடைய வலது கை ஆள்காட்டி விரல் நகக்கண்ணில் சிவப்பு. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். முகம் வெளிறிவிட்டது.

இன்னும் இரண்டரை மணி நேரத்தில் இவள் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். எனக்கு அப்போது அது ஒன்றுதான் தோன்றியது.

"நான்தான் நேத்து ஜாஸ்தியா ஊத்திட்டேன்போல" என்றேன்.

அவள் ரஃப் நோட்டிலிருந்து தாள்களைச் சரசரவென்று கிழித்து நீட்டினாள். ஃபில்டரை அதில் ஒற்றி ஒற்றி எடுத்தோம். இரண்டு மாதமாக அவள் போட்ட கூட்டுத்தொடரும் வட்டமும் உருளையும் சிவப்பாக ஊறி ரோட்டோரம் குவிந்தன. திரும்பப் பொருத்திப் பார்த்தேன். வண்டி இருமியது, அவ்வளவுதான்.

அந்த வழியாக ஒரு டூ வீலர் வந்தது. அதில் ஏற்கெனவே மூன்று பேர்.

போனில் பாய்

மேட்டின் அந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும். அன்வர் பாயைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"வழிய வழிய வைக்காதேன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க பாய்."

"அப்புறம் ஏன் வச்ச?"

பக்கத்தில் காசியம்மா நின்றிருந்தாள். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

"தப்புதான் பாய்" என்றேன்.

பாய் பெருமூச்சு விட்டார். "குழாயில இருக்கிற சென்சார் வயரப் புடுங்கி வுட்டுடு. வண்டி மந்தமா போவும், ஆனா போவும். சொட்டுற ஃபில்டர உள்ள வைக்காதே, கழட்டியே வச்சுக்கோ. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. ஃபில்டர் இல்லாம தூசியில போனேன்னா என்ஜின் காலி. தார் ரோட்டுல மெதுவா போ. தூசி கண்டா நின்னுடு."

வயரைப் பிடுங்கினேன். டப்பாவை வெறுமனே மூடினேன். வண்டி முனகிக்கொண்டே மேட்டைக் கடந்தது. மணி எட்டு இருபது.

காசியம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சாதாரண நாளாக இருந்தால் அதற்குள் என்னை நூறு கேலி செய்திருப்பாள்.

ருக்குவின் கொள்ளு

மேட்டைத் தாண்டியதும் ஒரு சின்ன ஊர். அங்கே ரோடு முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், முழங்கால் உயரத்துக்குக் கொள்ளுச் செடி பரப்பியிருந்தது. கொள்ளுத் தூசி தெரிந்தவர்களுக்குத் தெரியும். மூக்கில் போனாலே ஒரு நாள் தும்மல். என்ஜினுக்குள் போனால்?

நிறுத்தினேன். ருக்கு கையைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தாள். முறைக்கு எனக்கு மச்சினிச்சி. என்னைப் பேச வைப்பதை ஒரு விளையாட்டாகவே வைத்திருப்பவள்.

"வாங்க மாமா! உங்களத்தான் பாத்துனு இருந்தோம். காலையில இருந்து ரெண்டு வண்டிதான் போச்சு. நாலு சுத்து வுட்டுட்டுப் போங்க."

இப்படிப்பட்ட நேரங்களில் எனக்காகப் பேசுகிறவள் காசியம்மா. நான் அவளைப் பார்த்தேன். அவள் கையை மடியில் மூடிக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

ருக்கு வண்டியின் பேனட்டைத் தட்டினாள். "இன்னா மாமா யோசன? வுடுங்க வண்டிய."

"முடியாது" என்றேன்.

தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. மரத்தடியில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் ஆரம்பித்துவிட்டேனே.

"முடியாது ருக்கு. ஒரு வண்டி போற அளவுக்கு ஒதுக்கி வுடு. உங்க அக்காவுக்கு இன்னிக்குக் கணக்குப் பரீச்ச. கொள்ளு மேல ஏறினா என் வண்டி போவாது."

ருக்கு வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு மரத்தடியைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய், எல்லாம் இங்க வாங்கடி! மாமா முடியாதுன்னு சொல்றாரு!"

ஏழு பெண்கள் வந்தார்கள். முதலில் என்னை வந்து பார்த்தார்கள்; பிறகுதான் கொள்ளைப் பார்த்தார்கள். கவைக்கோலும் விளக்குமாறுமாக ஒதுக்க ஆரம்பித்தார்கள். தூசி ஆள் உயரத்துக்கு எழுந்தது. நான் என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"போங்க மாமா, வழி வுட்டாச்சு."

"தூசி அடங்கட்டும்."

"அடேங்கப்பா, ரெண்டாவது பேச்சும் பேசிட்டாரு! அக்கா, இவருக்கு இன்னா போட்டு வச்ச இன்னிக்கு?"

காசியம்மா அப்போதும் சிரிக்கவில்லை. ருக்கு ஜன்னல் வழியாகக் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். குரல் மாறிவிட்டது. "பயப்படாம எழுதுக்கா. சத்துணவுல இருநூறு புள்ளைக்கு அரிசி அளக்கிற. அதுக்கு மேலயா ஒரு கணக்கு?"

தூசி அடங்கியது. ஒதுக்கிய வழியில் டயர் ஒரு செடியைக்கூட மிதிக்காமல் கடந்தேன். கொண்டை ஊசி வளைவுகளை வண்டி தன் இஷ்டத்துக்கு இறங்கியது. நான் அதன் போக்கிலேயே விட்டேன்.

பள்ளிக்கூட வாசல்

திருப்பத்தூர்ப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியபோது மணி ஒன்பது ஐம்பது. காவலாளி கேட்டைப் பாதி சாத்திவிட்டு நின்றிருந்தார். காசியம்மா இறங்கினாள். நாலு அடி போனாள். திரும்பி வந்தாள்.

"போ, போ, மூடப் போறாங்க."

"நேத்து நீங்க டீசல் போடப் போனப்போ நான்தாங்க எண்ணெய் வச்சேன். கோடு கோடா வெள்ளையா தெரிஞ்சுது. பாதியில வுட்டுட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன். ஒரு ஒத்தாச பண்ணலாம்னு..." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "இத மனசுல வச்சுக்கினு என்னால உள்ள போயி எழுத முடியாது."

"தெரியும்" என்றேன்.

"எப்படி?"

"நகத்தப் பாரு."

பார்த்தாள். "தெரிஞ்சுமா பாய்கிட்ட அந்தத் திட்டு வாங்கினீங்க?"

நான் கேட்டைக் காட்டினேன். அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"ஒரு பொய் சொன்னீங்க, ஒரு முடியாது சொன்னீங்க. இன்னும் ஒரு வருசத்துக்குப் பேச மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். காவலாளி அவள் பின்னால் கேட்டைச் சாத்தினார்.

ஒரு மணிக்கு மேல் வெளியே வந்தாள். எதுவும் கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்தேன். கடைசிக் கேள்விக்கு வரைபடம் போட்டதாகவும், பக்கத்துப் பையன் அவளைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து எழுந்து வணக்கம் சொன்னதாகவும் சொன்னாள். ரிசல்ட் வர வெகு நாள் ஆயிற்று. முப்பத்தெட்டு மார்க். அந்தக் காலத்தில் நான் கணக்கில் வாங்கியது முப்பத்தாறு. அதை அவள் எங்கிருந்தோ தேடி எடுத்துவிட்டாள். இதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதவில்லை.

பரீட்சைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. சென்சாரைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பஸ்ஸில் வாணியம்பாடிக்குக் கொண்டுபோய், தொழுகை முடிந்து பாய் கடை திறந்ததும் சுத்தம் செய்து வாங்கி வந்தேன். போவதற்கு முன்பே ஃபில்டரைக் கழுவி நிழலில் வைத்திருந்தேன். சாயங்காலம் காசியம்மா எண்ணெய் வைத்தாள். மடிப்புக்கு ஒரு கோடு.